மஸ்கெலியா: மேட்டுக்கு ஏறிய டவுன், கீழே தங்கிய ஊர்

நுவரெலியா மாவட்டத்துக்காரன்னு சொன்னாலே கொழும்புல இருக்கிறவங்களுக்கும் சென்னையில இருக்கிறவங்களுக்கும் ஒரே படம்தான் மனசுல ஓடும். கிரெகரி வாவி, குதிரைப் பந்தயம், ஏப்ரல் வசந்தம், ஸ்ட்ராபெரி. "கொடுத்து வெச்சவங்கப்பா நீங்க"ன்னு ஒரு பெருமூச்சு வேற. அந்த நுவரெலியாவுக்கும் எங்களுக்கும் மாவட்டச் செயலகம் ஒண்ணுங்கிறதைத் தவிர பெரிய ஒட்டு உறவு கிடையாது. அங்க இருந்து நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலைன்னு இறங்கி ஹட்டனுக்கு வந்து, பஸ் மாறி டிக்கோயா, நோர்வூட் தாண்டி வளைஞ்சு வளைஞ்சு போனா வர்றது எங்க மஸ்கெலியா. மாவட்டத்தோட அந்தப் பக்கத்து ஓரம். அதுக்கும் பின்னால சிவனொளிபாதமலை. அந்த மலைத்தொடரைத் தாண்டிட்டா சப்பிரகமுவ மாகாணம்.

ரொம்ப நாளா எங்க ஊரைப் பத்தி உருப்படியா ஒண்ணு எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். எழுத உட்கார்ந்தாதான் சிக்கல் தெரியுது. யாழ்ப்பாணத்துல ஒருத்தர் ஊர் வரலாறு எழுதினா காணி உறுதி இருக்கும், கோயில் கல்வெட்டு இருக்கும், பள்ளிக்கூடத்து நூற்றாண்டு மலர் இருக்கும். எங்களுக்கு என்ன இருக்கு? தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல் இருந்துச்சு. அதுல பேர் இருக்கும், நம்பர் இருக்கும், எத்தனை நாள் வேலைன்னு இருக்கும். அந்த ஆள் எந்த ஊர்னு இருக்காது. அதனால நான் மலையில இருந்தும் ஆத்துல இருந்தும் ஆரம்பிக்கிறேன். அது ரெண்டும்தான் எந்தத் துரைக்கும் முந்தி இங்க இருந்தது.

மலை, மழை, ஆறு

மஸ்கெலியா ஒரு பள்ளத்தாக்கு. கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 4,000 அடி. மேற்கு, தெற்குப் பக்கம் சிவனொளிபாதமலைத் தொடர் சுவர் மாதிரி நிக்கும். மலையோட உச்சி 7,359 அடி. மே மாசம் தென்மேற்குப் பருவக்காத்து கிளம்பினா, கடல்ல இருந்து வர்ற மேகம் இந்தத் தொடர்ல முட்டி, ஏற வழி தெரியாம கொட்டித் தீர்க்கும். செப்டம்பர் வரைக்கும் சட்டை காயாது. கொழுந்தெடுக்கிறவங்க இடுப்புல படங்கைச் சுத்திக்கிட்டு, தலையில கொங்காணியைப் போட்டுக்கிட்டு மலைக்கு ஏறுவாங்க. அட்டைக்கடி தனிக்கதை, சவுக்காரக் கட்டியைக் கால்ல தேய்ச்சுக்கிட்டுப் போறதுதான் இன்னைக்கும் வைத்தியம்.

இந்த மழைத்தண்ணியெல்லாம் சேர்ந்து ஓடுறது மஸ்கெலியா ஓயா. பக்கத்துப் பள்ளத்தாக்குல ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமா இருந்து கெஹெல்கமு ஓயா வருது. ரெண்டும் கீழ போய்க் கலந்தாதான் களனி கங்கை. மொத்தம் 145 கிலோமீட்டர் ஓடிக் கொழும்புக்கு வடக்கால கடல்ல விழுது. கொழும்புக்காரங்க குடிக்கிற தண்ணியில பெரும்பங்கு களனி தண்ணி. எங்க மலையில பெய்ற மழைதான் அவங்க குழாய்ல வருதுன்னு சொன்னா சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.

மலை மேல இருக்கிற பாதத்தை சிவன் பாதம்னு நாங்க சொல்றோம், புத்தர் பாதம்னு சிங்களவங்க சொல்றாங்க, ஆதம் நபியோட பாதம்னு முஸ்லிம்கள் சொல்றாங்க. 1344-ல இப்னு பதூதா வந்து ஏறிப் பார்த்துட்டு எழுதி வெச்சிருக்கார். டிசம்பர் பௌர்ணமியில சீசன் தொடங்கினா மே மாச வெசாக் வரைக்கும் எங்க டவுன்ல ராத்திரி பகல் கிடையாது. மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போற பஸ்ஸும் வேனும் விடிய விடிய ஓடும். சீசன் முடிஞ்ச மறுவாரம் கடைத்தெருவுல ஈ ஓட்டுவாங்க.

கோப்பி போய் தேயிலை வந்த கதை

இந்தப் பள்ளத்தாக்கு வெள்ளைக்காரன் கையில கடைசியா சிக்கின பகுதிகள்ல ஒண்ணு. கண்டியைச் சுத்தி 1830, 40-கள்லயே கோப்பித் தோட்டம் வந்திருச்சு. டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் காட்டை வெட்டிச் சாய்ச்சுத் தோட்டம் போட்டதெல்லாம் அதுக்கு ரொம்பப் பின்னாடி. துரைமாருக்கு நேரம் சரியில்லை. 1869-ல இலங்கைக் கோப்பியில இலைத்துரு நோய் கண்டுபிடிச்சாங்க. இங்க வெச்ச செடி காய்ச்சு நிமிர்றதுக்குள்ள நோயும் கூடவே வந்து சேர்ந்துச்சு. அடுத்து சிங்கோனா மரம் வெச்சாங்க, கொய்னா மருந்துக்கு. எல்லாரும் ஒரேயடியா வெச்சதுல அதுவும் விலை விழுந்து படுத்துருச்சு. அதுக்கப்புறம்தான் தேயிலை. 1867-ல லூல்கந்துரவுல ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல தொடங்கி வெச்ச பயிர், இருபது வருஷத்துக்குள்ள எங்க மலையெல்லாம் மூடிருச்சு. 1884-ல ஹட்டன் வரைக்கும் ரயில் வந்ததும் தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்துக்கு லேசாப் போக ஆரம்பிச்சது.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கோப்பிக்குப் பழம் பறிக்கிற சில மாசம்தான் ஆள் வேணும். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கம் இருந்து வந்தவங்க சீசன் முடிஞ்சதும் நடந்தே மன்னாருக்குப் போய்த் தோணி ஏறிடுவாங்க, வழியில சாகாம இருந்தா. தேயிலை அப்படி இல்ல. வருஷம் முழுக்க வாராவாரம் கொழுந்து வரும், அதுக்குப் பொம்பளை ஆள் வேணும். அதனால குடும்பத்தோட கூட்டிட்டு வந்து நிறுத்தினாங்க. அப்படி நிறுத்தி வைக்கக் கட்டினதுதான் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால ஒரு ஒடுங்கின இஸ்தோப்பு. ஆள் கூட்டிட்டு வந்த பெரிய கங்காணியோட துண்டுல கடன் எழுதி ஆளைக் கட்டிப்போடுற முறையை 1921-ல சட்டம் போட்டு நிறுத்தினாங்க. கடன்தான் போச்சு, லயம் அப்படியே நின்னுச்சு.

வெள்ளைக்காரன் தன் இஷ்டத்துக்குப் பிரவுன்லோ, பிரன்ஸ்விக், கிளன்டில்ட், ஸ்ட்ராத்ஸ்பே, மொக்கான்னு பேர் வெச்சான். வரைபடத்துல அதுதான் இருக்கு. ஆபீஸ் கணக்குல ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர். ஆனா நம்ம ஆட்கள் நடக்கிற வரைபடம் வேற. எங்க அம்மா காலையில பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்கு, போயிட்டு வந்தா "இன்னைக்கு எட்டாம் நம்பர்"னு ஒருநாளும் சொன்னதில்ல. "முனியாண்டி மலை"ம்பாங்க, "பாலத்தடி"ம்பாங்க, "கிழவி விழுந்த கான்"ம்பாங்க. கான்னா வடிகால். அந்தக் கிழவி யாருன்னு கேட்டா அம்மாவுக்கே தெரியாது. அவங்க அம்மா காலத்துப் பேராம். ஒரு பொம்பளை தடுக்கி விழுந்தது அத்தனை தலைமுறைக்கும் அடையாளமா நிக்குது. கம்பனி எத்தனை கை மாறியும் அந்தப் பேர் மாறல. 1970-கள்ல தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, 1992-ல மறுபடியும் கம்பனிகிட்ட நிர்வாகத்தைக் குடுத்தது. போர்டு மாறிச்சு, கான் அதே கான்.

கரண்டுக்காகக் கொடுத்த டவுன்

இப்போ முக்கியமான கதைக்கு வர்றேன். மஸ்கெலியா, கெஹெல்கமு ரெண்டு ஆத்துத் தண்ணியும் விழுற உயரத்தைப் பார்த்து, இதுல இருந்து மின்சாரம் எடுக்கலாம்னு டி. ஜே. விமலசுரேந்திரங்கிற எஞ்சினியர் 1918-லயே அறிக்கை வாசிச்சார். காலனி அரசாங்கம் கையைப் பிசைஞ்சுக்கிட்டே முப்பது வருஷத்தை ஓட்டிருச்சு. 1950-லதான் லக்ஷபான மின்நிலையம் ஓட ஆரம்பிச்சது. அதைத் தொடர்ந்து மேல தண்ணியைத் தேக்கி வைக்க ரெண்டு பெரிய அணை. கெஹெல்கமு ஓயாவுக்குக் காசல்ரீ, 1965. மஸ்கெலியா ஓயாவுக்கு மவுஸ்ஸாகலை, 1969.

இது வேலை செய்ற விதம் அழகானது, அதை ஒத்துக்கணும். மவுஸ்ஸாகலைத் தண்ணி சுரங்கம் வழியா இறங்கி கெனியன்ல சுழலிகளைச் சுத்தும். அங்க இருந்து புதிய லக்ஷபான, அதுக்கும் கீழ பொல்பிட்டிய. காசல்ரீத் தண்ணி விமலசுரேந்திர நிலையம், பழைய லக்ஷபான வழியா இறங்கி அதே பொல்பிட்டியவுல வந்து சேரும். ஒரே சொட்டுத் தண்ணி இறங்கும்போது மூணு தடவை வேலை செய்யுது.

அணை கட்டின இடத்துக்கு மேலதான் மஸ்கெலியா டவுன் இருந்துச்சு. கடைத்தெரு, கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் ஆத்தோரம். தண்ணி ஏறும்னு சொல்லி டவுனைத் தூக்கி மேட்டுல வெச்சாங்க. இன்னைக்கு நாம சாமான் வாங்குற, பஸ்ஸுக்கு நிக்கிற மஸ்கெலியா அந்தப் புது டவுன். எங்க அப்பாயி கடைசி வரைக்கும் அதை "புது டவுன்"னுதான் சொல்லிச்சு. அதுக்குள்ள அந்த டவுன் பழசாகி, ரெண்டு தடவை கூரை மாத்தியாச்சு.

பெப்ரவரி, மார்ச்ல மழை பொய்ச்சா நீர்மட்டம் இறங்கும். இறங்கினா பழைய டவுன் எழும்பி வரும். நான் போய்ப் பார்த்திருக்கேன். மேல பச்சைத் தேயிலை, நடுவுல செம்மண் பட்டை, அதுக்குக் கீழ சாம்பல் நிறத்துல சேறு வெடிச்சுக் கிடக்கும். கரையோரத்துல செத்துப்போன தேயிலைத் தூர் வரிசை பிசகாம நிக்கும். நட்டவன் கயிறு பிடிச்சு நட்டது தெரியும். இன்னும் கீழ போனா கருங்கல் அடித்தளம், மூணு படி, அப்புறம் ஒண்ணுமில்ல. கோயில் இருந்த இடத்துல யாராவது முந்திப் போய்க் கற்பூரம் ஏத்தி வெச்சிருப்பாங்க. விகாரைப் பக்கம் வெள்ளைத் துணி உடுத்த சனம் நிக்கும். வேன்ல குடும்பம் குடும்பமா வந்து போன்ல படம் எடுப்பாங்க. ஐஸ்கிரீம்காரன்கூட வந்திருவான். ஆனா கூட்டத்துல வயசானவங்க இருந்தா கவனிங்க. அவங்க படம் எடுக்கமாட்டாங்க. "இது செட்டியார் கடை, இங்கதான் வளையல்காரர் உட்காருவார், இது பாலத்துக்கு இறங்குற வழி"ன்னு விரலை நீட்டிக்கிட்டே நடப்பாங்க. ரெண்டு பெரியவங்க சேர்ந்தா வளையல்காரர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு சண்டையே வந்துரும்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்ல. மேட்டூர் அணை நிரம்பினப்போ காவிரிக்கரை ஊர்கள் மூழ்கிச்சு. பண்ணவாடியில நீர் வத்தினா நந்தியும் தேவாலயக் கோபுரமும் இன்னைக்கும் வெளியில தெரியுது. நம்ம மாவட்டத்துலயே கொத்மலை இருக்கு. தூரத்துல தஜிகிஸ்தான்ல ரோகுன் அணைக்காக மலைக்கிராமங்களை இன்னும் பெயர்த்துக்கிட்டே இருக்காங்க. எங்க கேஸ்ல ஒரு வித்தியாசம் உண்டு. மேட்டூர்ல மூழ்கினது விவசாயியோட சொந்த நிலம். இங்க மூழ்கின மண்ணுல எங்க ஆட்கள் பேர்ல ஒரு சாணும் இல்ல. கம்பனிக்கு நட்டம், கடைக்காரருக்கு நட்டம், அதுக்கு எழுத்துல கணக்கு இருந்திருக்கும். அந்த மண்ணைக் கொத்தி, கவ்வாத்து வெட்டி, கொழுந்தெடுத்தவங்களுக்கு அடுத்த நாள் பெரட்டு வேற மலையில. அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. இங்க இருந்து கரண்டு கொழும்புக்குப் போய்க்கிட்டிருந்தப்போ, அணைக்குப் பக்கத்து லயங்கள்ல குப்பி விளக்குதான் எரிஞ்சுச்சு. துரை பங்களாவுலயும் தேயிலை ஸ்டோர்லயும் வெளிச்சம் இருக்கும். லயத்துக்குக் கம்பி வர்றதுக்குப் பல வருஷம் ஆச்சு. கோபுரம் கோபுரமா உயர்அழுத்தக் கம்பி கூரைக்கு மேல போகும், கீழ பிள்ளைங்க மண்ணெண்ணெய் விளக்குல பாடம் படிக்கும்.

தண்ணி ஏறின அதே வருஷங்கள்ல

எங்க வீட்டுல பழைய கதை பேசினா ரெண்டு விஷயம் கலந்து கலந்து வரும். "டவுன் முழுகுன சமயம்" ஒண்ணு, "சித்தப்பா இந்தியா போன சமயம்" ஒண்ணு. சின்ன வயசுல எனக்கு ரெண்டும் ஒண்ணோனு தோணும். பெரியவனாகித் தேதி பார்த்தா, உண்மையிலயே பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. 1964 அக்டோபர் 30-ல சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்க, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு ரெண்டு பிரதமருமாப் பங்கு போட்டாங்க. அதுக்கு அடுத்த வருஷம் காசல்ரீ, அஞ்சாவது வருஷம் மவுஸ்ஸாகலை. டவுன் மேல ஏற ஏற, சனம் மலையை விட்டு இறங்கிக்கிட்டிருந்துச்சு. ஹட்டன் ஸ்டேஷன்ல அழுகைக் கோச்சின்னு ஒரு ரயிலுக்கே பேர். தலைமன்னாருக்குப் போய் கப்பலேறி ராமேஸ்வரம். 1984-ல கப்பல் நின்னதும் போக்குவரத்து முறிஞ்சுச்சு.

போனவங்கள்ல நிறையப் பேரைத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில கொண்டுபோய் மறுபடியும் தேயிலைக்குத்தான் விட்டுச்சு. 1968-ல அதுக்குன்னே தொடங்கின அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னாடி டான்டீ ஆச்சு. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனா இன்னைக்கும் "சிலோன்காரங்க"ம்பாங்க. இங்க எங்களுக்கு "இந்தியாக்காரங்க"ன்னு பேர். சித்தப்பா வீட்டுப் பிள்ளைங்க வாட்ஸ்அப்ல பேசும்போது ரொட்டிக்கு "இடிச்ச சம்பல்"னு நாங்க சொல்றதையே சொல்றாங்க. மஸ்கெலியாவோட ஒரு துண்டு கூடலூர்ல இருக்குங்கிறதை எந்த வரைபடமும் காட்டாது.

இந்த மலை வேற சிலரோட கதையையும் சுமந்துக்கிட்டு நிக்குது. 1974 டிசம்பர் 4 ராத்திரி, இந்தோனேசியாவோட சுரபாயாவுல இருந்து ஹஜ்ஜுக்குப் போன மார்ட்டினேர் விமானம் எங்க சப்த கன்னியர் மலையில மோதிச்சு. 191 பேர்ல ஒருத்தரும் மிஞ்சல. முதல்ல ஏறி ஓடினது தோட்டத்து ஆட்களும் பக்கத்துக் கிராமத்தவங்களும்தான். அந்த விமானத்தோட சக்கரம் ஒண்ணை நோர்ட்டன் பிரிட்ஜ்ல நினைவுக்கு வெச்சிருக்காங்க. 2020 மே மாசம் லக்ஷபான தோட்டத்துல கம்பி வலையில மாட்டின கருஞ்சிறுத்தையும் இந்தக் காட்டு ஓரத்துல திரிஞ்சதுதான். காப்பாத்தித் தூக்கிட்டுப் போயும் சில நாள்ல செத்துப்போச்சு. அப்படி ஒண்ணு எங்க பக்கத்துல இருந்ததே செத்த பிறகுதான் பாதிப் பேருக்குத் தெரியும்.

சட்டத்துக்கு நாங்க எந்த ஊர்?

1947 தேர்தல்ல மஸ்கெலியாவுல இருந்து இலங்கை இந்திய காங்கிரஸ்காரர் ஜி. ஆர். மோத்தா பாராளுமன்றம் போனார். மலைநாட்டுல அந்தக் கட்சிக்கு மொத்தம் ஏழு பேர். அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து எங்க ஆட்களை நாடில்லாதவங்க ஆக்கிருச்சு. 1952 தேர்தல்ல ஒருத்தரும் ஜெயிக்கல. 1977-ல நுவரெலியா - மஸ்கெலியாங்கிற மூணு உறுப்பினர் தொகுதியில எங்க தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் ஜெயிச்சப்போதான் அந்தக் கதவு மறுபடி திறந்துச்சு. நாடற்றவங்கங்கிற கணக்கை முழுசா மூடுற சட்டம் 2003-ல.

வோட்டு வந்தும் ரோடு வரல. 1987 பிரதேச சபைச் சட்டத்துல தோட்டம் தனியார் இடம், அதுக்குள்ள சபைக் காசைச் செலவழிக்க முடியாதுன்னு ஒரு சிக்கல். நாங்க வோட்டுப் போட்டு அனுப்பின மெம்பரே எங்க லயத்துப் பாதைக்கு ஒரு லோடு கல் போட முடியாது. அதைத் திருத்தினது 2018-ல. அதே வருஷம்தான் மஸ்கெலியாவுக்குன்னு தனிப் பிரதேச சபையும் வந்துச்சு, மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபைச் சட்டமும் வந்துச்சு. ஏழு பேர்ச்சஸ் காணியில தனி வீடு, உறுதி, விலாசம்ங்கிற பேச்சு சூடு பிடிச்சது. சில தோட்டங்கள்ல வீடு எழும்பிச்சு. எங்க டிவிஷன் மாதிரி நிறைய இடத்துல இன்னும் அதே காம்பரா. கடிதம் வந்தா இன்னும் ஆபீஸ் வழியாத்தான் வரும். வங்கி இன்டர்வியூ கடிதம் தேதி முடிஞ்ச பிறகு கைக்கு வந்த பிள்ளைங்களை எனக்குத் தெரியும்.

நம்ம ஆட்கள் இங்க வந்து இருநூறு வருஷம் ஆனதுக்காக 2023-ல தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் "மலையகம் 200"னு நடந்தாங்க. முன்னோர் நடந்த பாதையில நடந்தது பெரிய விஷயம். ஆனா இருநூறு வருஷம்னு மொத்தமாச் சொல்லும்போது ஒவ்வொரு தோட்டமும் ஒரே மாதிரி ஆயிருது. கோப்பி, லயம், கங்காணி, கண்ணீர். அது பொய்யில்ல. ஆனா மஸ்கெலியா கதை பொகவந்தலாவையோட கதை இல்ல, பொகவந்தலாவைக் கதை மடுல்சீமையோடது இல்ல. காணி உறுதி குடுக்கிறது அரசாங்கத்தோட வேலை, அதைக் கேட்டு வாங்கியே ஆகணும். ஊரை எழுதி வைக்கிறது நம்ம வேலை. அதுக்குத் துரையோட அனுமதியும் வேண்டாம், வர்த்தமானியும் வேண்டாம்.

அதனால இதை வாசிக்கிற நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு வேலை. ஒரு கொப்பி எடுங்க. உங்க டிவிஷன்ல ஒவ்வொரு நம்பர் மலைக்கும் ஆட்கள் என்ன பேர் சொல்றாங்கன்னு எழுதுங்க. மாரியம்மன் கோயிலுக்கு முதல் கல்லை எங்க இருந்து சுமந்தாங்க, காமன் கூத்துல ரதி வேஷம் யார் கட்டினாங்க, எந்தக் குடும்பம் எந்த வருஷம் கப்பலேறிச்சு, இப்போ அவங்க கூடலூர்லயா கோத்தகிரியிலயா, எல்லாம் கேளுங்க. போன்ல குரலையும் பதிஞ்சு வெச்சுக்கங்க, ஏன்னா அந்தப் பேச்சு நம்ம கொப்பியில சரியா விழாது. மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைங்களுக்குக் கூடுதலா ஒண்ணு: பழைய டவுன்ல எந்தக் கடை எங்க இருந்துச்சுன்னு ஒரு தாள்ல படம் போட்டு வாங்குங்க. ரெண்டு பெரியவங்க ஒத்துப்போகலன்னா ரெண்டு படமும் வாங்கிக்கங்க. அந்தக் கடைத்தெருவுல விவரம் தெரிஞ்சு நடந்தவங்களுக்கு இப்போ அறுபதைத் தாண்டியாச்சு.